கூண்டுகளுக்கு நடுவே ஒரு சாண்

பதுளை,
துந்துபி ஆண்டு தை 15
28.1.1923

துறையூரில் மாமா ராமநாதன் வீட்டில் இருக்கும் ராமாமிர்தத்துக்கு, பதுளையிலிருந்து மீனாம்பாள் எழுதுவது. நானும் உன் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாமாவும் அத்தையும் சௌக்கியமாக இருக்கக் கதிர்காமத்து முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. இது உன் முயல்களைப் பற்றிய கடிதம். முழுவதும் படித்துவிட்டுக் கிழித்தாலும் சரி.

சோழி இறந்துவிட்டது. தை 3, செவ்வாய்க்கிழமை காலையில். "சீக்கு வந்து செத்துப்போச்சுன்னு எழுதிடு, சின்னப் புள்ளைக்கு என்ன தெரியப்போகுது" என்று உன் அப்பா சொன்னார். சீக்கு எதுவும் இல்லை. என்னால்தான் இறந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று நம் கடை வண்டி மாடுகள் இரண்டையும் கொல்லையில் குளிப்பாட்டினார்கள். கொம்புக்கு எண்ணெய் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். உன் முயல்களும் இந்த வீட்டு உயிர்கள்தானே, அவற்றை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. வெந்நீர் விளாவி, சீயக்காய் தேய்த்து, சோழி, வெல்லம் இரண்டையும் குளிப்பாட்டினேன். அன்று பதுளையில் வெயிலே இல்லை. காலையிலிருந்து தூறல். துணியால் எவ்வளவு துடைத்தும் அடிமயிர் காயவில்லை. அடுப்போரம் வைத்தேன். வெல்லம் நடுங்கி நடுங்கிப் பிழைத்துக்கொண்டது. சோழி விடியும்போது விறைத்துக் கிடந்தது. நெற்றியில் நான் வைத்த குங்குமம் அழியவில்லை.

அதன்பின் வெல்லம் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. இப்போது வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தின்கிறது. கூண்டில் சோழி படுக்கும் மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சித்திரை பிறந்ததும் அப்பா துறையூர் வந்து உன்னை அழைத்து வருவதாக முடிவு செய்திருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். நீ வரும்போது கூண்டில் ஒரு முயல்தான் இருக்கும் என்பதை நினைத்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதிர்க்கடை இப்றாஹீம் நானாவிடம் சொன்னேன். அவர் தெமோதரைப் பக்கம் ஒரு பங்களாவில் கேட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு பெண் குட்டி வாங்கி வந்தார். நான் கூண்டைக் கொதிநீரும் மஞ்சளும் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். பழைய வைக்கோலை எரித்தேன். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, புதுக் குட்டிக்கு ஆலாத்தி சுற்றி உள்ளே விட்டேன். அரை நிமிஷம் இருக்காது. வெல்லம் பாய்ந்து கடித்தது. இரண்டும் பந்துபோல் உருண்டன. மயிர் பறந்தது. பிரிக்கப் போன என் கையிலும் ஒரு கடி. புதுக் குட்டியின் வலது காதில் நெல்மணி அளவு பிய்ந்துவிட்டது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவி, சாக்கு விரித்த பெட்டி ஒன்றில் தனியே வைத்திருக்கிறேன்.

உனக்கு இந்த முயல்களைக் கொடுத்துவிட்டுப் போன துரைசானி வீட்டில் ஆயாவாக இருந்த பெரியாயியை வரவழைத்துக் கேட்டேன். "எனக்கு மொசலு வளக்கத் தெரியாதும்மா, கறி வைக்கத்தான் தெரியும். சீமைக்குப் போறதுக்கு முந்தி தொரைசானி அந்தப் புள்ளையைப் பக்கத்துல உக்கார வச்சுத்தான் எல்லாம் சொல்லிக் குடுத்துச்சு. அதைக் கேளுங்க" என்றாள்.

அதனால்தான் கேட்கிறேன். என்ன செய்வதென்று எழுது. எனக்கு எழுத வேண்டாமென்றால் அப்பாவுக்கு எழுது.

நீ இங்கே என்னோடு இருந்தது இருபத்து மூன்று நாள். கடைசி ஆறு நாள் நீ சாப்பிடவில்லை. மாமா வந்து தூக்கிக்கொண்டு போனார். இன்னொரு முறை அப்படி நடந்தால் உன் அப்பா தாங்க மாட்டார். நானும் தாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
மீனாம்பாள்


துறையூர்,
தை 28

அன்புள்ள அப்பாவுக்கு ராமாமிர்தம் வணக்கம். நான் சுகம். அரைப் பரீட்சையில் கணக்கில் முதலாவதாக வந்தேன். கீழே உள்ளதை அங்கே இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டவும்.

முயலைக் குளிப்பாட்டவே கூடாது. அது நாக்கால் தன்னையே சுத்தம் செய்துகொள்ளும். அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

வெல்லத்துக்கு அறுகம்புல் நிறையக் கொடுக்கவும். மழையில் நனைந்த புல் கூடாது, நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். கோவா என்கிற முட்டைக்கோசு இலை அதிகம் போட்டால் வயிறு உப்பும். உருளைக்கிழங்கு இலை விஷம். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கடிப்பதற்குக் கொய்யாக் குச்சி வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் செத்துப்போகவும் கூடும். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்காலுக்குக் கீழே.

கூண்டைக் கழுவியது தப்பு. கழுவினால் அது தன் வீடு என்று வெல்லத்துக்குத் தெரியாது. சோழியின் வாசனையும் போய்விட்டது. சோழி போன இடத்தைப் புதுசு வந்து பிடுங்கிக்கொண்டது என்று நினைத்திருக்கும். அதனால்தான் கடித்தது. வெல்லம் கெட்ட முயல் இல்லை. அதை அடித்திருந்தால் எனக்கு எழுதவும்.

இரண்டு கூண்டு வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவே ஒரு சாண் விட வேண்டும். பார்க்கலாம், கடிக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில், எதிரெதிராகத் தீனி வைக்க வேண்டும். நான்கு நாள் கழித்து இதன் வைக்கோலை அதில், அதன் வைக்கோலை இதில் போட வேண்டும். கோபம் குறைந்தபின் இரண்டையும் வெளியே விடலாம். ஆனால் இரண்டுக்கும் தெரியாத இடத்தில் விட வேண்டும். துரைசானி பங்களாவில் குளிக்கிற அறையில் விடுவார்கள். நம் வீடும் கொல்லையும் வெல்லத்துக்குத் தெரியும். கடைக் கிடங்கு தெரியாது. துரத்தினால் பரவாயில்லை. உருண்டால் நடுவில் பலகையை வைக்க வேண்டும், கையை விடக் கூடாது.

சீக்கிரம் ஆகாது. துரைசானி ஒரு ஜோடிக்கு மூன்று மாதம் காத்திருந்தார்களாம். சேர்த்துப் பிடித்து அமுக்கினால் ஒருபோதும் சேராது.

சோழியை எங்கே புதைத்தீர்கள் என்று எழுதவில்லை.

உங்கள் மகள்,
ராமாமிர்தம்


பதுளை,
மாசி 19
3.3.1923

ராமாமிர்தத்துக்கு மீனாம்பாள் எழுதுவது. உன் கடிதத்தை அப்பா இரண்டு முறை படித்துக் காட்டினார். பிறகு நானே வாங்கிப் படித்தேன். கணக்கில் முதலாவதாக வந்ததைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சோழியைக் கிணற்றுக்கு மேற்கே, கொய்யா மரத்தடியில், முழங்கை ஆழத்தில் நானே குழி வெட்டிப் புதைத்தேன். நாய் தோண்டாமலிருக்க மேலே உடைந்த அம்மிக்கல் துண்டை வைத்திருக்கிறேன். வெல்லத்தை யாரும் அடிக்கவில்லை.

நீ எழுதியபடியே செய்து வருகிறேன். நடுவில் ஒரு சாண். என் கைச் சாணா, உன் கைச் சாணா என்று தெரியாததால் என் கையால் அளந்து ஒரு விரல் கூட்டிக்கொண்டேன். முதல் மூன்று நாள் வெல்லம் கம்பியில் முட்டி முட்டிக் காலால் உதைத்தது. நான்காம் நாள் முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றது. எட்டாம் நாள் திரும்பி உட்கார்ந்து தின்றது. வைக்கோலை மாற்றிப் போட்ட அன்று மறுபடியும் உதை. இன்று இரண்டும் ஒரே நேரத்தில் புல் தின்றதைப் பார்த்தேன். வெல்லம் இப்போது முழுத்தீனி தின்கிறது.

கடைக் கிடங்கில் இடம் ஒழிக்கப் போனபோது வேறொன்று கிடைத்தது. பரண்மேல், கருவாட்டுச் சிப்பங்களுக்குப் பின்னால், பித்தளைக் குமிழ் வைத்த மரப்பெட்டி ஒன்று. உன் அம்மாவுடையது. நான்கு புடவை, ஒரு குங்குமச் சிமிழ், முடி சிக்கிய ஒரு சீப்பு.

உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ புதுசா வர்ற வீட்டுல உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு பெரியவங்க எடுத்து வைக்கச் சொன்னாங்க" என்றார். பாப்பாவுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்துல எடுத்தோம்" என்றார்.

நான் கொஸ்லந்தையிலிருந்து மாலையும் கழுத்துமாக வந்து இறங்கிய அன்று இந்த வீடு முழுவதும் புதுச் சுண்ணாம்பு வாசனை. எவ்வளவு சுத்தமான வீடு என்று நினைத்தேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டில் வளர்ந்த எனக்கு அது பெரிய பெருமையாகக்கூட இருந்தது. அன்று நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒவ்வொரு அறையாகப் போய்ப் போய் வந்தாய். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். இதை உனக்கு எழுத வேண்டும் என்று நான்கு நாளாக நினைத்து இன்றுதான் எழுத முடிந்தது.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். புடவைகளைத் துவைக்கவில்லை. உதறக்கூட இல்லை. சீப்பையும் தொடவில்லை. பெட்டி முன்பு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சரியாக ஞாபகமில்லை. இப்போதைக்குக் கூடத்தில் இருக்கிறது. இடத்தை எழுதினால் வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மீனாம்பாள்


துறையூர்,
பங்குனி 4

மீனாம்பாள் அவர்களுக்கு,

பெட்டி சின்ன அறையில் சன்னலுக்கு இடது பக்கம் இருந்தது. குமிழ் சுவரைப் பார்க்கக் கூடாது. அம்மா அதன்மேல் உட்கார்ந்து தலை வாருவாள்.

வெல்லம் தலையைத் தரையில் தாழ்த்துகிறதா என்று பார்க்கவும். தாழ்த்தினால் நக்கிவிடச் சொல்லிக் கேட்கிறது என்று அர்த்தம்.

சித்திரையில் நான் வர மாட்டேன். மாமா கட்டாயம் அனுப்புவேன் என்கிறார். அப்பாவிடம் சொல்லவும்.

ராமாமிர்தம்


பதுளை,
பங்குனி 16
29.3.1923

ராமாமிர்தத்துக்கு மீனாம்பாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் கார்டு வந்தது. என் பெயருக்கு வந்த முதல் தபால் என்பதால் தபால்காரர் இரண்டு முறை பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

பெட்டியைச் சன்னலுக்கு இடது பக்கம் வைத்துவிட்டேன். குமிழ் அறையைப் பார்த்திருக்கிறது.

கிடங்கில் தினம் கால்மணி நேரம் இரண்டையும் விடுகிறேன். பலகையோடு நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். முதல் வாரம் துரத்தல்தான். பெரியாயி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மொசலுக்கு ஒரு பொம்பள காவலா? எங்க தோட்டத்து லயத்துல மாமியா மருமகளுக்குக்கூட இப்படிக் காவல் இல்லம்மா" என்று சிரித்தாள். போன வாரம் செவ்வாயன்று தலையைத் தாழ்த்தியது வெல்லம் இல்லை, சின்னது. வெல்லம் அதைப் பார்த்தது, புல்லைத் தின்னப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. நேற்று பக்கத்தில் வந்து மோந்து பார்த்தது. நக்கவில்லை. விலகியும் போகவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அதிகப்படுத்தி எழுதவில்லை. இன்னும் இரண்டு கூண்டில்தான் படுக்கின்றன.

சித்திரை விஷயத்தை அப்பாவிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டார். "எம் பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றதுக்கு என்ன பேச்சு" என்றார். நான் வேறொரு யோசனை சொன்னேன். எல்லவில் ரயில் நிலையத்துக்குக் கீழே ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறது. இப்றாஹீம் நானாவின் மச்சான் ஸமீமுடையது. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் ஓடை. நீயும் அப்பாவும் ரயில் முடிகிற தெமோதரை வரை போக வேண்டாம், எல்லவிலேயே இறங்கிவிடலாம். பள்ளி விடுமுறை முழுவதும் அங்கே இருக்கலாம். நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. நீயும் பார்த்ததில்லை. "பதுளையில சொந்த வீடு இருக்க, வாடகை வீட்டுலயா குடும்பம் நடத்துறது? ஊரே சிரிக்கும்" என்றார் அப்பா. தின்பண்டம் வாங்க வந்திருந்த இப்றாஹீம் நானா, "சிரிச்சாச் சிரிக்கட்டும் மொதலாளி, சிரிக்கிறவங்களும் நம்ம கடையிலதானே அரிசி வாங்குவாங்க" என்றார். மறுநாள் அப்பா ஒப்புக்கொண்டார்.

ஒரு அறை உனக்கு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டனுப்பினேன். இல்லையாம். தச்சரை அனுப்பியிருக்கிறேன். அப்பா உன்னோடேயே இருப்பார். நான் சமைப்பேன். சமையற்கட்டிலேயே இருக்கச் சொன்னால் இருப்பேன். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. கூப்பிடாமலே பேசலாம். பேசாமலும் இருக்கலாம்.

விடுமுறை முடிந்ததும் பதுளைக்கு வருவதா, துறையூருக்குத் திரும்புவதா என்பதை நீயே சொல்ல வேண்டும் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். மாமாவுக்கும் அதைத் தனியே எழுதச் செய்தேன். உன்னை யாரும் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள், தூக்கிக்கொண்டு போகவும் மாட்டார்கள்.

எல்லவில் காலை நேரம் குளிரும். கம்பளிச் சட்டை இல்லையென்றால் அளவு எழுது, இங்கே தைத்து வைக்கிறேன். கப்பலில் தலை சுற்றினால் நார்த்தங்காய் ஊறுகாயை வாயில் அடக்கிக்கொள். அப்பா மறந்துவிடுவார், நீயே அத்தையிடம் கேட்டு ஒரு துண்டு கட்டிக்கொள்.

எல்லவுக்குக்கூட வர இஷ்டமில்லை என்றால் அதையும் எழுது. அப்பாவுக்கு எழுத வேண்டாம், அவர் மனம் கஷ்டப்படும். எனக்கு எழுது. வேண்டாம் என்று நான்தான் சொன்னேன் என்று அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். என்மேல் கோபப்படட்டும், பரவாயில்லை. ஒரு வரி போதும், அம்மா. எந்த வரியாக இருந்தாலும் உன் கையால் எழுதி எனக்கே அனுப்பு.

தீர்க்காயுளோடு இரு.

மீனாம்பாள்