ஐந்து மணிக்கு ஒயர்லெஸ் கூப்பிடும்

அமுதம்,

திருநள்ளாற்றில் வெள்ளச் செய்தி சொல்லும் ஒயர்லெஸ் செட்டுக்குப் பேட்டரி கொண்டுபோகிறேன். சாவி அரிசிப் பானையில்.

நேற்று என் மீன் கதையைக் கேட்டு நீ என்னைத் திட்டும்போது நம் வீட்டுச் செட்டின் பொத்தானிலிருந்து நான் விரலை எடுக்கவில்லை. "வெள்ளத்து மீனு தானா வந்து ரசத்துல குதிச்சுதுன்னா, உப்பையும் அதுவே போட்டுக்கிச்சா?" என்று நீ கேட்டது எல்லா ஊர்ச் செட்டிலும் கேட்டுவிட்டது. அதற்காக இன்னுமா பேசாமல் இருப்பது? காலைச் சோதனையில் எல்லோரும் ஒரே வாக்காகச் சொன்னார்கள், இந்த மழைக்காலத்தில் நம் ஊர் போலகம் தெளிவாகக் கேட்டது நேற்று ஒருநாள்தானாம். நடுக்கடலில் ஒரு கப்பல், கரை வந்துவிட்டதென்று நங்கூரமே போட்டுவிட்டதாம்.

மாலை ஐந்து மணிக்குச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். "போலகம், கேக்குதா?" என்றால், பொத்தானை அழுத்தி, "நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டு விரலை எடு. பதில் வராவிட்டால் ஊர் முழுகிவிட்டதென்று படகு அனுப்பிவிடுவார்கள்.

பஞ்சநாதன்

சட்டியில் இருந்த வறுத்த மீன் திரும்ப வாய்க்காலுக்கே போய்விட்டது. பூனையை அடிக்காதே.

ஐந்து மணிக்குக் கூப்பிடப்போவது நான்தான். விரலை எடுக்க மறந்தாலும் பரவாயில்லை.