பச்சைப் பொட்டு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு நீ பஸ்ஸை எடுக்கக் கூடாது. முழுக்கப் படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதே என்று சிரிக்காதே. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

அம்மா சுகம். கண்ணுக்கு மருந்து விட வந்தால் மட்டும் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. நீயும் உளறிவிடாதே.

உன் பஸ்ஸில் முன் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸ், அந்த ரப்பர் குழாய், எங்கள் தொழிற்சாலையில் செய்தது. சோதித்துப் பார்ப்பவருக்கு ஆளுக்கொரு நிறம், தேறியதன் மேல் அந்த நிறத்தில் ஒரு பொட்டு வைப்போம் என்று உனக்குத் தெரியும். டிப்போவில் மெக்கானிக்கைத் தொந்தரவு பண்ணி, ஹோஸ் பெட்டியைக் கவிழ்த்துப் பச்சைப் பொட்டாகப் பொறுக்கி மாட்டச் சொன்னதாகவும், மலை இறங்கும்போது அக்கா கூடவே வருகிற மாதிரி இருப்பதாகவும் நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய். வேலை மெனக்கெட்டு அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். இப்போது அந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்க முடியவில்லை.

நீ அப்போது கைக்குழந்தை, அதனால் பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் தொழிற்சாலை வெறும் தகரக் கொட்டகை. ரப்பரை வேகவைக்க ஓர் அடுப்பு, கையால் சுற்றும் ஒரு பிரஸ், பெரிய முதலாளி, அப்பா, அவ்வளவுதான். வாஷர் செய்துகொண்டிருந்தவர்கள் துணிந்து பிரேக் ஹோஸில் இறங்கினார்கள். முதன்முதலில் செய்ததைப் பழைய வேனில் மாட்டி, கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் சரிவில் முதலாளி ஓட்டினார். பக்கத்தில் அப்பா. ஹோஸ் வெடித்தது, வேன் பள்ளத்தில் பாய்ந்தது. அப்பா காலைத் தாங்கித் தாங்கி நடந்தது அன்றிலிருந்துதான். ஆஸ்பத்திரியில் முதலாளி சொன்னதை அப்பா வாய் ஓயாமல் சொல்வார்: "இனிமே செஞ்சவன் என் பக்கத்துல உக்காரணும். ரெண்டு பேரும் உசுரோட கீழ போய்ச் சேந்தாதான் சரக்கு வெளிய போகும்."

அதுவே தொழிற்சாலையின் வழக்கமானது. சரிவின் அடியில் மணலைக் குவித்தார்கள். ஒவ்வொரு தடவை சரக்கு செய்யும்போதும் அதில் ஒன்றை வேனில் மாட்டி, செய்தவரை உட்காரவைத்து இறக்குவார்கள். கொட்டகை கட்டடமாயிற்று, இரண்டு ஷிஃப்ட் வந்தது, வாசலில் விளக்குப் போட்ட பெயர்ப் பலகை வந்தது. அப்போதும் வேன் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நீ வண்டி பழகியதும் அங்கேதான். மணலில் மூக்கைக் குத்தி நிறுத்திவிட்டு வேன் மேல் பழியைப் போட்டாயே, மறந்துவிட்டாயா?

பெரிய முதலாளி கண்ணை மூடியதும் சின்ன முதலாளி வேனுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். புது மெஷின் வந்தது. ஹோஸை மாட்டினால் உள்ளே தண்ணீரை அழுத்தும், தாங்கினால் விளக்கு எரியும், பொட்டு வைக்க வேண்டியது. அதுவரை மஞ்சள் பொட்டு வைத்துவந்த வயதான பெண்மணி வேலையை விட்டு நின்றார். பாக்கிங்கில் இருந்த எனக்கு அந்த நாற்காலியும் பச்சை நிறமும் கிடைத்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம் ஒரு ஹோஸைக் கையில் எடுத்தேன். இன்னும் மாட்டவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெஷினைத் தட்டினேன், அப்போதும் எரிந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் இஞ்சினியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சின்ன முதலாளி அறைக்குக் கூப்பிட்டு, மெஷினைச் சரிபண்ணிவிடலாம் என்றார். ஏற்கெனவே வெளியே போன சரக்கு என்ன ஆவது என்று கேட்டேன். குரலை உயர்த்தக்கூட இல்லை. "போனது போனதுதான். எல்லாத்துலயும் இருக்கறது உன் பொட்டும்மா. யோசிச்சுப் பேசு" என்றார்.

ஒருவேளை ஹோஸெல்லாம் நன்றாகவே இருக்கலாம், நான்தான் பயந்து சாகிறேன் என்றும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு வேலை பார்த்த லாரிக்கார அண்ணனைக் கெஞ்சித் தார்ப்பாயை எடுக்கவைத்தேன். என் பொட்டு வைத்த ஹோஸ் ஒன்றை அவர் மாட்டினார். அப்பா உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். வேண்டாம் தாயீ என்று அவர் எவ்வளவோ சொன்னார். முதல் தடவை பிரேக் பிடித்தது. அடுத்த தடவையும் பிடித்தது, நான் சிரித்தேகூட விட்டேன். இன்னொரு தடவை போகலாம் என்றேன். பாதிச் சரிவில் பெடல் தரையோடு போய்விட்டது. அண்ணன் ஹேண்ட் பிரேக்கை இழுத்து மணலில் மோதவிட்டார். அதில் அடிபட்டதுதான் இந்தக் கை. ஹோஸ் என் பொட்டுக்குக் கீழேயே கிழிந்திருந்தது.

உன் மலைப்பாதையில் மணல் கிடையாதே தம்பி.

கடைக்கு ஓடிப்போய் டிப்போவுக்குப் போன் போட்டேன். நீ அப்போதுதான் கிளம்பினாய் என்றார் கிளார்க். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அழுதேன். சரிம்மா என்றார். சாயங்காலமே எங்கள் இஞ்சினியர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, எதற்குப் போன் பண்ணினாய் என்று கேட்டார். உங்கள் டிப்போ மேனேஜர் சின்ன முதலாளிக்கு மைத்துனர் என்பதை நான் யோசிக்கவில்லை. உன் காதில் எதையும் போட்டிருக்க மாட்டார்கள். எனக்கு இனி வேலை இல்லையாம். தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது, காலையிலிருந்து அதே ஆள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அம்மா ஏன் என்று கேட்கிறாள், காற்று அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். கிழிந்த ஹோஸை எடுத்துக்கொண்டு நாளைக்கு வாகன ஆய்வாளரைப் பார்க்கப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

பெட்டியில் நீ ஒதுக்கித் தள்ளினாயே மஞ்சள் பொட்டு, அது வேன் இறங்கிப் பார்த்த சரக்கு. அதை மாட்டச் சொல். மற்ற டிரைவர்களிடமும் சொல், அவர்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறார்கள். வேலை போனால் போகட்டும், வந்துவிடு. இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுவோம்.

இந்தக் கடிதத்தை உன் கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் கூடாது என்று லாரிக்கார அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ அந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக மலை இறங்கி வந்திருப்பாய் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஹோஸை உன் கையாலேயே கழற்றி அண்ணனிடம் கொடுத்தனுப்பு. கடிதம்கூட வேண்டாம். என் பொட்டு என் கைக்குத் திரும்பி வந்தால் போதும், நான் புரிந்துகொள்வேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், சாமி.

வாசலைப் பார்த்தபடி,
உன் அக்கா