சார் வந்தாலும் அமுக்கு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு உயிர்காக்கும் முதலுதவி வகுப்பு எடுத்தேன். நெஞ்சை அமுக்கிப் பழக ஒரு பொம்மை. அதற்கு எபிசன் என்று பெயர், பிள்ளைகள் வைத்தது. ஸ்மைலின்தான் எல்லோரையும்விட நன்றாக அமுக்கினாள். பதினெட்டு எண்ணும்போது துறைத்தலைவர் தேவகுமார் சார் உள்ளே வந்தார். அவ்வளவுதான். எபிசனை விட்டுவிட்டு எழும்பி நின்று, “குட் மார்னிங் சார்.” சார் தலையசைத்தார். எபிசன் செத்தான்.

போன மாதத் தேர்விலும் இப்படி நடுவில் கையை எடுத்துத்தான் ஃபெயிலானாள். வெள்ளிக்கிழமை மறுதேர்விலும் தோற்றால் தோழிகளோடு வார்டுக்குப் போக முடியாது. ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5

ஸ்மைலினைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“ஏன் மக்கா எழும்புற?”

“தெரியல்ல மேடம். சாரைக் கண்டா காலு தானா எழும்புது. எங்க அப்பா வாத்தியாராக்கும்.”

“இங்க ஒருத்தன் செத்துட்டு கெடக்கான். சாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பயப்படண்டாம்.”

சொல்லி வாய் மூடவில்லை, சார் கதவைத் திறந்தார். முதலில் எழும்பியது யார்? நான்தான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இந்தப் பழக்கத்தை இவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தானோ? வெட்கமாகப் போய்விட்டது.

ஆகஸ்ட் 6

‘தேர்வு நேரத்தில் வராதீர்கள்’ என்று கேட்கத்தான் சாரிடம் போனேன். வாய் வேறு கேட்டது: “இன்னைக்கு பத்து தடவை வகுப்புக்கு வந்து போங்க சார்.” ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் வந்தார். ஏழாவது தடவைதான் யாரும் எழும்பவில்லை, நானும். சாருக்கு முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

ஆகஸ்ட் 7

ஸ்மைலின் மத்தியானம் சாப்பிடவில்லையாம். நானும்தான்.

ஆகஸ்ட் 8

அவள் முறை வந்தபோது கல்லூரி முதல்வரே சாரோடு உள்ளே வந்தார். போச்சு என்று நினைத்தேன். அவள் நிமிரவே இல்லை. இரண்டு நிமிடம் ஆனது, கை தளர்ந்தது, ஆள் மாற வேண்டிய நேரம். தலையைத் தூக்காமலே, “சார், இங்க வந்து முட்டு போடுங்க. நான் கையெடுத்ததும் நீங்க அமுக்கணும்.”

யாரைச் சொல்கிறாள் என்று பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“சீக்கிரம் சார்.”

தரையில் முட்டுப் போட்டது தேவகுமார் சார். “இன்னும் ஆழமா சார்” என்றாள்.

பாஸ்! வெளியே வந்துதான் அழுதாள். “மேடம், நான் சாரை அதட்டிட்டேனா?” அதட்டத்தான் செய்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 11

புது பேட்ச். அரை மணி நேரம் முன்னதாகவே போனேன். உள்ளே யாரோ எண்ணும் சத்தம். தேவகுமார் சார், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் எபிசனோடு. என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

“இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. ஷைஜா, ஆழம் போதுமா?”

போதாது என்று சொன்னேன்.