என் பெயரில் அத்தையின் ரத்தம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா வழக்கம்போலக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறார். தம்பிக்குப் போன வாரம் முழங்காலில் மறுபடி ரத்தம் கட்டியது, ஊசி போட்டபின் சுவரைப் பிடித்து நடக்கிறான்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதி, இந்தக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்ப அப்பாவிடம் சொல்கிறேன். தம்பிக்கு இருக்கும் இந்த ரத்தம் உறையாத வியாதி எந்த மரபணுப் பிழையால் வருகிறது என்று ஆராயும் டாக்டரம்மா, இரண்டு வருஷம் முன்பு நர்சை அனுப்பி வீட்டில் எங்கள் மூவரிடமும் ரத்தம் எடுத்தாரே, அப்போது என் பெயர் ஒட்டிய குழாயில் போனது என் ரத்தமில்லை, உன் அத்தையுடையது. அதற்கு முந்தின வாரம்தான் தம்பி வலியில் துடித்தபடி, யார்கிட்டேருந்தும்மா எனக்கு இது வந்துச்சு என்று கேட்டான். பெரும்பாலும் தாய்வழியாக வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். என்னால்தான் என்று காகிதம் வந்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயந்து அத்தையிடம் அழுதேன். ரத்தம்தானே, என்கிட்ட நிறையவே இருக்கு என்று அவளும் கையை நீட்டிவிட்டாள். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டதும் அவள் போய் உட்கார்ந்தாள், நான் சமையலறையில் டீ போடுவதுபோல நின்றேன். தாய்க்குப் பிழை இல்லை, பையனிடம் புதிதாக உண்டானது என்று முடிவு வந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன், மடச்சி.

செவ்வாய்க்கிழமை போனில் நீ, அம்மாவுக்கே இல்லாததால் எனக்குப் பரிசோதனை வேண்டாம் என்று டாக்டர் விட்டுவிட்டார் எனச் சிரித்தாய். தம்பியைப் பிரசவத்தில் ஆயுதம் போட்டு எடுத்தபோது தலையில் ரத்தம் கட்டிப் பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். உன் பிள்ளை ஆணாக இருந்தால்? பிரசவத்தில் உனக்கே ரத்தம் நிற்காவிட்டால்? பயமாக இருக்கிறது கண்ணு.

இன்று காலை டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லி என் ரத்தத்தைக் கொடுத்தேன். அவர் திட்டவே இல்லை, அதுதான் அதிகம் வலித்தது. இதோட முடிவுக்காகக் காத்திருக்காதீங்க, பொண்ணை உடனே பாக்கச் சொல்லுங்க என்றார். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை, முதலில் நீ.

நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மாடிப்படியில் பார்த்து இறங்கு. இதைப் படித்ததும் நேரே டாக்டரிடம் போ, என்னைத் திட்டுவதற்கு அப்புறம் போன் செய்.

உனக்கும் இதைக் கொடுத்துவிட்டேனோ என்று நடுங்கும்,
அம்மா