இமெல்டா வைத்த நேர்த்தி

மொன்றியல், கனடா,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன் றொக்சனுக்கு,

மாதாவின் காவல் உன் கட்டிலைச் சுற்றி நிற்கட்டும். உன் அறைத்தோழன் நிஷான் இதை உனக்கு வாசித்துக் காட்டுவார். தம்பி நிஷான், கெதியாக வாசித்து முடித்துவிட வேண்டாம். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே எதுவும் மெல்ல மெல்ல, ஆறுதலாகத்தான் ஏறும்.

மகன், ஈரப் பாலத்தில் நீ சைக்கிளோடு சறுக்கி விழுந்து, தலையில் ஒப்பரேசன் செய்து, கிழமைகள் போய்விட்டன. கண் திறக்கிறாய், ஆனால் கதைக்கிறாய் இல்லை என்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த இடங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருங்கள் என்று டொக்டர் சொன்னாராம். நான் எதைக் கதைப்பேன்? அயர்லாந்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ ஞாயிறுதோறும் அனுப்பிய படங்கள்தான்.

ஒன்றிலாவது உன் முகம் இருந்ததா? எல்லாம் கல். நீ இருக்கும் ட்ரோஹடா ஊரின் பழைய நகர வாசல், இரண்டு நெட்டைக் கோபுரங்களோடு. அதற்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பழைய மடத்து வளவில் வேதாகமக் கதைகள் செதுக்கிய கற்சிலுவை. பிறகு ஐயாயிரம் வருசத்துக்கு முந்திய நியூகிரேஞ்ச் கல்லறை. மார்கழியில் சில காலைகளில் மட்டும் உள்ளே வெயில் போகும், மற்ற நாளெல்லாம் இருட்டு என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தை இப்போது என்னால் பார்க்க முடியவில்லை.

உன் அம்மா இமெல்டா செய்த வேலையைக் கேள். அங்கே பெரிய கோவிலில், வேதத்துக்காக உயிர்விட்ட புனித ஒலிவரின் தலையைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பினாயே, அவரிடம் நேர்த்திக்கடன் வைத்துவிட்டாள். ஊரில் மடு மாதா இருக்க, இங்கே மலையில் சூசையப்பர் இருக்க, அவரிடம் ஏன் போனாய் என்று கேட்டேன். பிள்ளைக்குக் கிட்ட நிக்கிறவர் அவர்தானே, கெதியாய்ப் போவார் என்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. பிள்ளை எழும்பினால் தானே நேரில் வந்து மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொல்லிவிட்டாள்!

எங்கள் அகதி வழக்கு முடியுமுன் நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாது என்று லோயர் நேற்றும் சொன்னார். துறைமுகத்தில் நான் ஏற்றிவிடும் பெட்டிகள் கடல் கடந்து போகின்றன. எனக்குத்தான் என் பிள்ளையிடம் போக வழியில்லை. குசினி அடுப்புக்கும் வாசல் கதவுக்கும் நடக்கிறேன், வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

திரியைத் தான் கொளுத்துவதாக நிஷான் சொன்னார், நல்ல பிள்ளை. இமெல்டா சம்மதிக்கவில்லை. நேர்த்தியை வைத்தவர் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காக வைத்ததோ அவர் தீர்க்க வேண்டுமாம். பங்குச் சுவாமியார் சொல்லியும் கேட்கவில்லை.

என் பெயர் பற்றிக், அவர்கள் நாட்டுக் காவல் புனிதரின் பெயர், என்று அறிந்து, அப்போ இவன் எங்கட பொடியன்தான் என்று அங்கே ஒரு நேர்ஸ் சிரித்தாவாம். அவவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், நிஷான்.

மகன், உன் படங்களைப் பார்த்துப் பார்த்து அந்த வழியைப் பாடமாக்கிவிட்டேன். கோபுர வாசலால் உள்ளே வா. நேரே நட. பொய்ன் ஆறு இடப்பக்கம் கீழே ஓடும். கடைத்தெரு வரும். வலப்பக்கம் கோவில், முன்னால் படிகள். அவசரமில்லை, ஒவ்வொன்றாக ஏறு.

அம்மாவால் வர முடியாது, ராசா. அவளுடைய நேர்த்தியை நீதான் நடந்துபோய்த் தீர்க்க வேண்டும். திரியைக் கொளுத்திவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. இந்த முறை கல் வேண்டாம். உன் முகம் போதும்.

உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க முடியாத,
அப்பா