ஸ்டென்சிலில் குவைத்

12 டிசம்பர் 1990, புதன்

இன்று பிரின்சிபாலிடம் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு மேற்கு ஆசிய வரைபடம் கொடுத்து, குவைத்தைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். வினாத்தாளை நகலெடுக்கும் ஸ்டென்சில் தயாரான பிறகு வந்து பார்த்தவர், "குவைத்தை அழிச்சிடுங்க மேடம். அதான் ஈராக் புடிச்சிடுச்சே, எதுக்கு வம்பு?" என்றார்.

"ராணுவம் நுழைஞ்சிட்டா எல்லை அழிஞ்சிடாது சார். ஐ.நா.வே ஒத்துக்கலை. கேள்வி இருக்கட்டும்."

"தாம்பரத்துல உக்காந்துகிட்டு குவைத்தை மீட்கப்போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். கேள்வி இருக்கிறது. எனக்கு அது போதும்.

வரைபடத்தை ஸ்டென்சிலில் கீறியவர் எங்கள் டுடோரியலின் டைப்பிஸ்ட் யோகம் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர். பிரின்சிபால் திறந்து வைத்துவிட்டுப் போன அழிப்பு மை பாட்டிலை மூடியபடியே கேட்டார்: "அங்க எண்ணெய் இல்லாட்டி அமெரிக்கா இவ்வளவு கப்பல் அனுப்பியிருக்குமோ, டீச்சர்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா" என்றேன் பட்டென்று.

"எங்கட ஊருக்குச் சட்டம் வரேல்லை. உங்கட ராணுவம்தான் வந்தது" என்றார். குரலில் கோபமில்லை. அடுத்த தாளை மெஷினில் ஏற்றினார்.

பிரின்சிபாலுக்குச் சொன்னது சரிதான். நாளை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அக்கா 'உங்கட' என்றாரே. நானா அனுப்பினேன் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. எண்பத்தேழில் இலங்கைக்குப் போகும் அமைதிப்படையோடு ராணுவ ரயில் தாம்பரத்தைத் தாண்டியபோது, பிளாட்பாரத்தில் நின்று கையசைத்தவர்களில் நானும் ஒருத்தி.