திரும்பி வந்த சிவப்பு ஸ்வெட்டர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமா, குழந்தையின் பல்வலி விட்டதா என்று தெரிந்தால் நிம்மதி. குழாய்க்காரர் வந்து சமையலறைக் குழாயைச் சரி செய்தார், அவர் தலை மறைந்ததும் குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்துவிட்டது, அதை விடு. அம்மா ஏன் போனில் ஒட்டாமல் பேசுகிறாள், என்மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். உன்மேல் ஒன்றுமில்லை மகளே. அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன்.

அவள் பாடம் எடுக்கும் வகுப்பில் பிறருக்கு உதவுவதைப் பற்றி ஒரு பாடம். பிள்ளைகள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து, கஷ்டப்படும் ஒரு குடும்பத்துக்குத் தங்கள் கையாலேயே கொடுக்க வேண்டும். உன் அம்மாவைத்தான் தெரியுமே, ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி. வேண்டாததைத் தள்ளிவிடுவது உதவி இல்லை, பிடித்ததைக் கொடுங்கள், கொடுத்ததைத் திரும்ப நினைக்காதீர்கள் என்று ஓதிக்கொண்டே இருந்தாள். வகுப்பில் ஒரு பெண், வாய் ஓயாது என்பதால் அம்மா அவளுக்கு ரேடியோ என்று பட்டம் வைத்திருந்தாள். அந்த ரேடியோ தன் சிவப்பு ஸ்வெட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான் என்று யாருக்குத் தெரியும்?

தலைமை ஆசிரியர் விலாசத்தை மட்டும் கொடுத்து, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த கொத்தனார் வீடு என்றாராம். எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நடந்தார்கள். சலவைக்கடை முனையில் திரும்பும்வரை ரேடியோ பாடிக்கொண்டே வந்தது, அப்புறம் சத்தமே இல்லை. இன்றைக்காவது வாய் மூடினாளே என்று உன் அம்மா சந்தோஷப்பட்டாளாம். போய் நின்றது அந்தப் பெண்ணின் வீட்டு வாசலிலேயே. வாடகை கட்ட முடியாமல் அவர்கள் புதிதாக மாறியிருந்த ஒற்றை அறை அது. அவ்வளவு பேசியவள் தன் அப்பா விழுந்ததைப் பற்றி மட்டும் வகுப்பில் மூச்சு விடவில்லை.

கொத்தனார் நாற்காலியில் சாய்ந்தபடி ஒவ்வொரு பிள்ளையிடமும் வாங்கிக்கொண்டார். மகள் முறை வந்தது. ஸ்வெட்டரை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, ஊரார் பிள்ளையிடம் சொல்வதுபோல “நல்லா இருங்க பாப்பா” என்றாராம். படம் எடுத்த ஆசிரியர் சிரிக்கச் சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து தம்பிப் பயல் “அக்கா” என்று ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். வகுப்பே சிரித்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கூடம் வரவில்லை. கொடுத்ததெல்லாம் மறுநாளே மூட்டையாகத் திரும்பி வந்தது, சிவப்பு ஸ்வெட்டர் மேலாக. அம்மா அதை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். கொத்தனார் மரியாதையாகத்தான் பேசினார். “உங்கமேல கோபமில்ல டீச்சர். நானும் வாங்கிக்கோன்னு சொல்லிப் பார்த்துட்டேன். குடுத்தத திரும்ப வாங்கக்கூடாதுன்னு டீச்சரே சொல்லியிருக்காங்கங்கிறா” என்றார். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாளாம். அப்பாவும் மகளும் சிரிக்கும் அந்தப் படத்தைத் தலைமை ஆசிரியர் பள்ளி நடையில் மாட்டிவிட்டார். கழற்றச் சொன்னதற்கு, இவ்வளவு நல்லா வந்திருக்கே என்கிறாராம். உன் அம்மா இப்போது பின்வாசல் வழியாக வகுப்புக்குப் போகிறாள். எனக்கும் முதலில் கோபம் வந்து அவளைக் கண்டபடி பேசிவிட்டேன். இப்போது அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அந்தக் குழந்தை இனி வருவாள் என்று எனக்கே நம்பிக்கை இல்லை, உன் அம்மாவிடம் மட்டும் வருவாள் வருவாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ அம்மாவின் வகுப்புக்குப் பார்சல் அனுப்புவதாகவும், பிள்ளைகள் வாங்கிக்கொள்வதைப் படம் எடுத்து அனுப்பினால் ஆபீசில் காட்டலாம் என்றும் எழுதியிருந்தாய். மனசு நல்ல மனசுதான், ஆனாலும் இப்போது வேண்டாம். அவளிடம் பள்ளிக்கூடப் பேச்சையும் எடுக்காதே. நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கேயே குளிரில் பல் கிட்டுகிறது, அங்கே கேட்கவா வேண்டும். குழந்தையை ஸ்வெட்டர் போடாமல் வெளியே அனுப்பாதே.

உன் அன்பு அப்பா